சாலை மறியலில் இருப்பவர் மீது வண்டி மோதினால் ஓட்டுநரின் சட்டப் பொறுப்பு என்ன?

கேட்கப்பட்டது இதுதான்: மறியல் செய்பவர்கள் அனுமதியில்லாமல் நடுச் சாலையில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களைத் தாண்டிப் போக முயலும் வண்டி ஒன்று மோதி யாருக்காவது காயமோ மரணமோ நேர்ந்துவிடுகிறது, முதலில் சட்டத்தை மீறியவர்கள் அவர்கள்தான் என்னும்போது ஓட்டுநர் மீது ஏன் வழக்கு வர வேண்டும்? அமெரிக்காவில் சில மாநிலங்கள் இத்தகைய ஓட்டுநர்களைப் பாதுகாக்கச் சட்டம் போட்டிருப்பதாகச் சொல்கிறார்களே, இந்தியாவிலும் அப்படி ஏதாவது உண்டா?

இந்தியாவில் அப்படி எந்தச் சட்டமும் இல்லை. மறியல் சட்டவிரோதமானதா என்பது மறியல் செய்பவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. வண்டியை ஓட்டியவர் எந்த மனநிலையில், எதைத் தெரிந்துகொண்டு, எவ்வளவு கவனத்துடன் ஓட்டினார் என்பது ஓட்டுநர் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. நீதிமன்றம் இவ்விரண்டையும் தனித்தனியாகவே விசாரிக்கும். முதலாவதில் அவர்கள் குற்றவாளிகள் என்று முடிவானாலும், இரண்டாவதில் ஓட்டுநர் தானாக விடுபட்டுவிட மாட்டார்.

மறியல் செய்பவர்கள் மீது என்ன வழக்குப் போடலாம் என்பதில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 126ஆம் பிரிவு ஒருவரை முறையின்றித் தடுத்து நிறுத்துவதைக் குற்றமாக்குகிறது. அதற்கு ஒரு மாதம் வரை வெறுங்காவல், அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பொது வழியில் இடையூறு செய்வதற்கு 285ஆம் பிரிவின்படி 5,000 ரூபாய் வரை அபராதம். கூட்டம் சட்டவிரோதக் கூட்டம் என்ற வரையறைக்குள் வந்தால் 189ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. 2020 அக்டோபர் 7 அன்று குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து டில்லி ஷாஹீன்பாக்கில் நடந்த போராட்டம் தொடர்பான வழக்கில், பொதுச் சாலையைக் காலவரையின்றி ஆக்கிரமித்துப் போராடுவதை ஏற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இங்கே கவனிக்க வேண்டியது, அந்த ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டிய கடமை நிர்வாகத்துக்கு உரியது என்று அதே தீர்ப்பு கூறியதைத்தான். வழியை மீட்கும் அதிகாரம் காவல்துறைக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் உண்டு. அவசர வேலையாகப் போகிறவருக்கும், சரக்கு லாரி ஓட்டுபவருக்கும், மணிக்கணக்கில் காத்திருந்து பொறுமை இழந்தவருக்கும் அந்த அதிகாரம் கிடையாது. அபராதத்தோடு முடியக்கூடிய ஒரு குற்றத்துக்கு நாமே முன்வந்து கால் முறிவைத் தண்டனையாகக் கொடுக்க முடியாது என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை.

இனி ஓட்டுநர் பக்கம் வருவோம். ஒரே மோதலைச் சட்டம் நான்கு வெவ்வேறு கண்களால் பார்க்கக்கூடும். எந்தக் கண்ணால் பார்க்கிறது என்பதைப் பொறுத்துத் தண்டனை ஒன்றுமில்லாததிலிருந்து ஆயுள் சிறை வரை, ஏன் மரண தண்டனை வரைகூட, மாறும்.

சட்டப்படியான ஒரு செயலை, சட்டப்படியான முறையில், உரிய கவனத்தோடு செய்துகொண்டிருக்கையில் எதிர்பாராமல் நேர்ந்துவிட்டது விபத்து. 18ஆம் பிரிவின்படி அது குற்றமே அல்ல. இரவில் வளைவு ஒன்றைத் தாண்டியதும் விளக்கோ எச்சரிக்கையோ இல்லாமல் சாலையில் உட்கார்ந்திருந்த கூட்டத்தைக் கண்டு, உடனே பிரேக் போட்டும் வண்டி நிற்காமல் மோதிவிட்டது என்றால், அளவான வேகத்தில் வந்த ஓட்டுநருக்கு இந்தப் பிரிவு நியாயமாகவே துணைநிற்கும். அடுத்தது கண்மூடித்தனமும் கவனக்குறைவும். இதில் அஜாக்கிரதையாக ஓட்டியதற்கு 281ஆம் பிரிவு, சாதாரணக் காயத்துக்கும் கொடுங்காயத்துக்கும் 125ஆம் பிரிவு, மரணத்துக்கு 106(1)ஆம் பிரிவு ஆகியவை வரும். கொடுங்காயம் என்றால் மூன்று ஆண்டுகள் வரை, மரணம் என்றால் ஐந்து ஆண்டுகள் வரை சிறை. சாலை விபத்து வழக்குகளில் பெரும்பாலானவை இந்தப் படியிலேயே நின்றுவிடுவதால், வண்டி மோதியது என்றால் அதிகபட்சம் இதுதான் என்ற எண்ணம் பலரிடம் ஊறிப்போயிருக்கிறது. மறியல் வழக்குகளில் ஆபத்தான எண்ணம் அது.

ஏனென்றால் மூன்றாவது படி ஒன்று உண்டு: இப்படி ஓட்டினால் ஆள் சாகக்கூடும் என்று தெரிந்தே ஓட்டுவது. கொல்லும் நோக்கம் இருந்திருக்க வேண்டியதில்லை. அந்த அறிவு இருந்தாலே போதும், கொலையாகாத மரணம் விளைவித்தல் என்ற குற்றமாகிவிடும். 105ஆம் பிரிவின்படி அதற்குப் பத்து ஆண்டுகள் வரை சிறை. மரணம் நேராவிட்டாலும், அதற்கான முயற்சியில் காயம் ஏற்பட்டிருந்தால் 110ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டுகள் வரை. உச்ச நீதிமன்றம் 2012இல் இதை இரண்டு தீர்ப்புகளில் நிலைநாட்டியது. மும்பை கார்ட்டர் சாலையில் 2006 நவம்பரில் நடைபாதையில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது குடிபோதையில் ஓட்டப்பட்ட கார் ஏறி ஏழு பேர் இறந்த வழக்கிலும், டில்லியில் 1999 ஜனவரியில் சொகுசுக் கார் ஒன்று மோதி ஆறு பேர் இறந்த வழக்கிலும், இவை வெறும் கவனக்குறைவு அல்ல என்று நீதிமன்றம் கூறி, அப்போதைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஆம் பிரிவின் இரண்டாம் பகுதியின்கீழ் வந்த தண்டனையை முதல் வழக்கில் உறுதிசெய்தது. இரண்டாவதில் அந்தப் பிரிவை மீண்டும் பொருத்தியது.

அந்த இரண்டு வழக்குகளிலும் சாலையில் ஆள் இருப்பது ஓட்டுநருக்கு உண்மையிலேயே தெரிந்திருந்ததா என்று நீண்ட வாதம் நடத்த இடமிருந்தது. மறியலில் அந்த வாதத்துக்கு இடமே குறைவு. கொடி, கோஷம், முன்னே நிற்கும் வண்டிகளின் வரிசை, சாலையின் குறுக்கே போட்ட கட்டை, உட்கார்ந்திருக்கும் மனிதர்கள் எல்லாம் கண்ணெதிரே இருக்கையில், ஓட்டுநர் ஒருமுறை வண்டியை நிறுத்திவிட்டார் என்றால், மனிதர்கள் இருப்பதை அவர் பார்த்துவிட்டார் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. நிறுத்திய வண்டியை மீண்டும் கிளப்பி அவர்களை நோக்கிச் செலுத்துவது ஒரு தனி முடிவு. கவனக்குறைவு என்ற சொல்லுக்குள் அந்த முடிவை அடக்குவது எந்தத் திறமையான வழக்கறிஞருக்கும் கடினம். மெதுவாகத்தான் நகர்த்தினேன், ஹாரன் அடித்துக்கொண்டே போனேன், விலகிக்கொள்வார்கள் என்று நினைத்தேன் என்பவை தண்டனையின் அளவைக் குறைக்க உதவலாம். பொறுப்பை முழுவதுமாக நீக்குவது அரிது. சிறுவர்களோ முதியவர்களோ சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும் இடத்தில் விலகிக்கொள்வார்கள் என்ற நம்பிக்கைக்கு மதிப்பும் மிகக் குறைவு.

நான்காவது படி நோக்கம். மோத வேண்டும் என்றே மோதினால் வண்டி ஓர் ஆயுதமாகிவிடுகிறது. மரணம் நேர்ந்தால் 103ஆம் பிரிவின்கீழ் கொலை. நேராவிட்டால் 109இன்கீழ் கொலை முயற்சி. ஆபத்தான சாதனத்தால் கொடுங்காயம் விளைவித்ததற்கு 118(2). கொலை முயற்சியில் காயம் பட்டிருந்தாலே ஆயுள் சிறை வரை போகலாம்.

இந்தப் படிகளுக்கு இடையிலான தூரம் எவ்வளவு என்பதை உத்தரப் பிரதேசத்தின் லக்கீம்பூர் கேரி வழக்கைப் போல வேறெதுவும் காட்டாது. 2021 அக்டோபர் 3 அன்று அம்மாவட்டத்தின் திகுனியா பகுதியில், மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்துக் கூடியிருந்த விவசாயிகள், துணை முதல்வரின் வருகைக்கு எதிர்ப்புத் தெரிவித்துவிட்டுச் சாலையில் நடந்துகொண்டிருந்தபோது, கார்களின் அணி ஒன்று அவர்கள் மீது ஏறியது. நான்கு விவசாயிகளும் ஒரு பத்திரிகையாளரும் இறந்தார்கள். அதைத் தொடர்ந்த வன்முறையில் ஓட்டுநர் ஒருவரும் பாரதிய ஜனதா கட்சியினர் இருவரும் அடித்துக் கொல்லப்பட்டார்கள். மொத்தம் எட்டு உயிர்கள். அப்போதைய ஒன்றிய உள்துறை இணை அமைச்சர் அஜய் மிஸ்ராவின் மகன் முதன்மைக் குற்றம்சாட்டப்பட்டவர். குற்றச்சாட்டை அவர் மறுக்கிறார்.

இந்த வழக்கில் சட்ட மாணவர்கள் அனைவரும் படிக்க வேண்டிய திருப்பம் 2021 டிசம்பரில் வந்தது. தொடக்கத்தில் கொலைப் பிரிவோடு சேர்த்து, அஜாக்கிரதையாக வண்டி ஓட்டியதற்கான 279, கொடுங்காயத்துக்கான 338, கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கான 304ஏ ஆகிய பழைய சட்டப் பிரிவுகளும் இடம்பெற்றிருந்தன. சிறப்புப் புலனாய்வுக் குழு நீதிமன்றத்தில் மனு செய்து, இது கவனக்குறைவால் நடந்தது அல்ல, திட்டமிட்ட சதி என்று கூறி, அந்த மூன்று பிரிவுகளையும் நீக்கிவிட்டுக் கொலை முயற்சிக்கான 307, ஆபத்தான சாதனத்தால் கொடுங்காயம் விளைவித்ததற்கான 326, பொது நோக்கத்துக்கான 34 ஆகியவற்றைச் சேர்க்கக் கேட்டது. கவனக்குறைவும் சதியும் ஒரே செயலுக்கு ஒருசேரப் பொருந்த முடியாது என்பதே இதன் பின்னால் இருக்கும் தர்க்கம். காகிதத்தில் மூன்று எண்கள்தான் மாறின. ஆனால் சில ஆண்டுச் சிறையோடு முடியக்கூடிய பிரிவுகளின் இடத்தில் ஆயுள் சிறை வரை போகக்கூடிய பிரிவுகள் வந்தன. அலகாபாத் உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் கொடுத்த பிணையை அதே ஆண்டு ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது, பாதிக்கப்பட்டவர்களுக்குத் தங்கள் தரப்பைச் சொல்லும் உரிமை மறுக்கப்பட்டதை முக்கியக் காரணமாகச் சொன்னது. பின்னர் 2023 ஜனவரியில் இடைக்காலப் பிணையும் 2024 ஜூலையில் வழக்கமான பிணையும் கிடைத்தன. தீர்ப்பு வரும்வரை அவர்மீது இருப்பது குற்றச்சாட்டு மட்டுமே. ஆனாலும் போராட்டக்காரர்கள் மீது வண்டி ஏறினால் புலனாய்வு எந்தத் திசையில் போகக்கூடும் என்பதற்கு இந்த வழக்கே போதும். அந்த விவசாயிகள் அப்போது சாலையை மறித்துக்கொண்டிருக்கவில்லை, நடந்துகொண்டிருந்தார்கள் என்பது உண்மை. மறித்துக்கொண்டிருந்திருந்தால் மட்டும் பிரிவுகள் மாறியிருக்கும் என்று நினைக்கச் சட்டத்தில் எந்த ஆதாரமும் இல்லை.

இனி, கேள்வியில் நேரடியாக வராவிட்டாலும் நேர்மையாகப் பேசியே ஆக வேண்டிய பகுதி: பயம். கூட்டம் வண்டியைச் சூழ்ந்துகொள்கிறது, கண்ணாடியை உடைக்கிறது, கதவைத் திறந்து ஆளை வெளியே இழுக்கிறது. பந்த் நாட்களில் பேருந்துகள் மீது கல் எறியப்படுவதும் எரிக்கப்படுவதும் நமக்குப் புதிதல்ல. அந்த நிலையில் உள்ளே இருப்பவர் உயிரைக் காத்துக்கொள்ள வண்டியைக் கிளப்பினால் சட்டம் அவரைக் கைவிடாது. தற்காப்பு உரிமை 34 முதல் 44 வரையான பிரிவுகளில் விரிவாக இருக்கிறது. அவற்றுள் 44ஆம் பிரிவு ஏறக்குறைய இந்தச் சூழலுக்காகவே எழுதப்பட்டதைப் போலத் தோன்றும். உயிருக்கு ஆபத்தான தாக்குதலை எதிர்கொள்பவர், ஒரு பாவமும் அறியாத ஒருவருக்குத் தீங்கு நேரும் அபாயத்தை ஏற்காமல் தன்னைக் காத்துக்கொள்ளவே முடியாது என்றால், அந்த அபாயத்தை ஏற்கும் அளவுக்கு அவருடைய உரிமை நீளும் என்கிறது அது. பழைய சட்டத்தின் 106ஆம் பிரிவிலிருந்து அப்படியே வந்திருக்கும் அதன் விளக்க எடுத்துக்காட்டில், கொல்ல வரும் கும்பல் ஒன்றை நோக்கிச் சுடாமல் தப்ப முடியாத நிலையில் ஒருவர் இருக்கிறார். கும்பலுக்குள் சிறு குழந்தைகளும் கலந்திருக்கிறார்கள். அவர் சுடுவதால் அக்குழந்தைகளில் யாருக்காவது தீங்கு நேர்ந்தாலும் அவர் குற்றம் செய்தவர் ஆகமாட்டார்.

ஆனால் அந்த எடுத்துக்காட்டில் கும்பல் கொலை செய்ய வருகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. கோஷம் போடும் கும்பல் வேறு, கொல்ல வரும் கும்பல் வேறு. எதிராளியின் உயிரைப் பறிக்கும் அளவுக்குத் தற்காப்பு உரிமை எப்போதெல்லாம் நீளும் என்பதை 38ஆம் பிரிவு வரிசைப்படுத்துகிறது; மரணமோ கொடுங்காயமோ நேரும் என்ற நியாயமான அச்சத்தைத் தரும் தாக்குதல் அவற்றுள் முதன்மையானது. வழியை மறிப்பது அந்த வரிசையில் இல்லை. முறையின்றி அடைத்துவைக்கும் நோக்கத்துடன் நடக்கும் தாக்குதல் அந்த வரிசையில் இருக்கிறது. ஆனால் அதிகாரிகளின் உதவியை நாடவே முடியாமல் போய்விடும் என்ற நியாயமான அச்சமும் கூடவே இருக்க வேண்டும். வண்டியை முன்னும் பின்னும் சூழ்ந்து கெராவ் செய்தாலும், உள்ளிருப்பவரின் கையில் கைபேசி இருந்து, இருபது அடி தூரத்தில் போலீஸ் ஜீப்பும் நின்றால், அந்த அச்சத்தை நிறுவுவது எளிதல்ல. பொது அதிகாரிகளின் பாதுகாப்பைப் பெற நேரம் இருந்தால் தற்காப்பு உரிமையே எழாது, தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்று 37ஆம் பிரிவும் வரம்பு கட்டுகிறது. உடைமையைக் காப்பதற்கான உரிமை இதைவிடக் குறுகியது. கண்ணாடியை உடைத்தார்கள், பானெட்டில் அடித்தார்கள் என்பது சேதம் விளைவித்தல். அதனால் உயிருக்கு அச்சம் எழுந்தது என்று காட்ட முடிந்தால் ஒழிய, அதற்காக ஒருவர் மீது வண்டியை ஏற்ற முடியாது.

பந்த் நாளில் எழுந்த தற்காப்பு வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதற்கு முன்னுதாரணமும் உண்டு. 1988 மார்ச் 15 பாரத் பந்த் அன்று, கேரளத்தில் மாவு மில்லும் பேக்கரியும் நடத்திவந்தவர்களின் வளாகத்துக்குள் பந்த் ஆதரவாளர்கள் பலவந்தமாகப் புகுந்தபோது துப்பாக்கிச் சூடு நடந்து இருவர் இறந்தார்கள். கீழ் நீதிமன்றங்கள் தண்டித்தவர்களை, தற்காப்பு உரிமையின் எல்லைக்குள்தான் செயல்பட்டார்கள் என்று கூறி 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. தாக்கப்படுபவர் தன் எதிர்ச்செயலைத் தங்கத் தராசில் நிறுத்துப் பார்த்துச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. தற்காப்பை நிறுவும் சுமை புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 108ஆம் பிரிவின்படி குற்றம்சாட்டப்பட்டவர் மீது இருந்தாலும், சந்தேகத்துக்கு இடமின்றி அதை நிரூபிக்க வேண்டியதில்லை. அப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். தற்காப்பின் எல்லையை நல்லெண்ணத்தோடு மீறிவிட்டாலும் கொலை என்பது கொலையாகாத மரணமாகக் குறையும். ஆகவே உண்மையாகவே உயிர்ப் பயத்தில் வண்டியைக் கிளப்பியவர் சட்டத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. நடைமுறையில் வழக்கைத் தீர்மானிப்பவை சின்னச் சின்ன விவரங்கள்: முதல் கல் வண்டி நகர்வதற்கு முன் விழுந்ததா, பின் விழுந்ததா, பின்னோக்கிப் போக இடமிருந்ததா, ஒருவர் மீது மோதிய பிறகு வண்டி நின்றதா, வேகமெடுத்ததா. மோதிய பின் ஆத்திரமடைந்த கூட்டம் கல்லெறிவதைக் காட்டி, அதற்கு முன்னால் நடந்த மோதலைத் தற்காப்பு என்று சொல்ல முடியாது. வண்டியின் முகப்பில் பொருத்தும் கேமராவும் சுற்றியிருப்பவர்களின் கைபேசிகளும் இந்த வரிசையை இப்போது வினாடி வினாடியாகப் பதிவுசெய்துவிடுகின்றன.

மோதிய பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதிலும் சட்டம் கூட்டத்தின் கோபத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு, காயமடைந்தவருக்கு மருத்துவ உதவி கிடைக்க எல்லா நியாயமான நடவடிக்கைகளையும் ஓட்டுநர் எடுக்க வேண்டும் என்கிறது. ஆனால் கும்பலின் ஆவேசத்தாலோ தன் கட்டுப்பாட்டுக்கு மீறிய வேறு காரணத்தாலோ அது நடைமுறையில் இயலாதபோது அந்தக் கடமையிலிருந்து விலக்களிக்கிறது. இந்த விலக்கு உதவி செய்யாமல் அகன்றதற்கு மட்டுமே. அருகிலுள்ள காவல் நிலையத்தில் கூடிய விரைவில், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், நடந்ததைத் தெரிவிக்கும் கடமை அப்படியே நிற்கிறது. காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் சொல்ல வேண்டும். தவறினால் 187ஆம் பிரிவின்படி தனியாகத் தண்டனை. மோதிவிட்டுத் தெரிவிக்காமல் தப்பியோடி, அதில் ஒருவர் இறந்தால் பத்து ஆண்டுகள் வரை சிறை என்று சொன்ன புதிய சட்டத்தின் 106(2)ஆம் பிரிவை, 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் நடத்திய போராட்டத்துக்குப் பிறகு, மற்றப் பிரிவுகளோடு சேர்த்து நடைமுறைக்குக் கொண்டுவராமல் ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. நின்றால் கூட்டம் அடித்தே கொன்றுவிடும் என்பதுதான் அந்த ஓட்டுநர்களின் வாதம், அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அங்கிருந்து அகன்று நேராகக் காவல் நிலையத்துக்குப் போகிறவருக்கும், வண்டியை எங்கோ மறைத்துவிட்டு வீட்டில் போய்ப் படுத்துக்கொள்கிறவருக்கும் இடையே எந்த நீதிபதியும் வேறுபாடு காண்பார். பின்னவரின் தற்காப்பு வாதம் பாதி அங்கேயே போய்விடும்.

இழப்பீட்டைப் பொறுத்தவரை அளவுகோலே வேறு. மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் கவனக்குறைவைச் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டு நிரூபிக்க வேண்டியதில்லை; குற்ற வழக்கில் விடுதலையானவர்கூட இழப்பீட்டு வழக்கில் பொறுப்பாக்கப்படலாம். சாலையில் உட்கார்ந்திருந்தவரும் தன் பாதுகாப்பில் கவனம் இல்லாமல் இருந்தார் என்ற வாதத்துக்கு உண்மையான இடம் இங்கேதான் இருக்கிறது. தீர்ப்பாயம் அதைப் பங்களிப்புக் கவனக்குறைவாக ஏற்றால் இழப்பீட்டில் ஒரு பகுதியைக் கழிக்கும். குறைக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும். சட்டவிரோதமாக மறித்தார் என்பதற்காகக் கோரிக்கையே இல்லாமல் போய்விடாது. பெற்றோருடன் மறியலுக்கு வந்த குழந்தையின் மீது இந்த வாதத்தை வைப்பதும் கடினம். வண்டியின் உரிமையாளர் வேறு, ஓட்டுநர் வேறு என்றால், பணியின்போது நடந்ததற்கு உரிமையாளரும் பொறுப்பாவார்.

காப்பீடு இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வண்டியைப் பயன்படுத்தும்போது நேரும் ‘விபத்து’க்குத்தான் மூன்றாம் தரப்புக் காப்பீடு. ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் கொல்லப்பட்டு அவருடைய ஆட்டோ திருடப்பட்ட வழக்கில், 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஒரு வேறுபாட்டை வகுத்தது: குறிப்பிட்ட ஒருவரைக் கொல்வதே முதன்மை நோக்கமாக இருந்தால் அது வெறும் கொலை, வேறொரு குற்றத்தைச் செய்யப் போய் அதன் போக்கில் மரணம் நேர்ந்தால் அதை விபத்து மரணமாகக் கொள்ளலாம். ஆகவே வேண்டுமென்றே கூட்டத்துக்குள் ஓட்டியதாகக் குற்றப்பத்திரிகை சொல்லும்போது, இது விபத்தே அல்ல என்று காப்பீட்டு நிறுவனம் வாதாட வழி பிறக்கிறது. அந்த வாதம் எடுபட்டால் சுமை உரிமையாளரின் சொத்தின் மீதும் ஓட்டுநரின் சம்பளத்தின் மீதும்தான் விழும். பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குப் பணம் கைக்கு வருவதும் நிச்சயமில்லாமல் போகும்.

அமெரிக்கச் சட்டங்களைப் பற்றிப் பரவும் செய்தி பாதி மட்டுமே உண்மை. 2017இல் வடக்கு டகோட்டாவில், எண்ணெய்க் குழாய்த் திட்டத்தை எதிர்த்து மக்கள் சாலைகளை மறித்தபோது இத்தகைய மசோதா கொண்டுவரப்பட்டுத் தோற்றது. ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலையை அடுத்து எழுந்த போராட்டங்களுக்குப் பிறகு, 2021இல் மூன்று மாநிலங்கள் சட்டம் இயற்றின. ஓக்லஹோமா சட்டம், கலவரத்திலிருந்து தப்பியோடும் ஓட்டுநர் உரிய கவனத்தோடு ஓட்டியிருந்து, தன் உயிரையோ உடலையோ காக்கத் தப்பியோடுவது அவசியம் என்று நியாயமாக நம்பியிருந்து, நோக்கமின்றித் தீங்கு நேர்ந்திருந்தால் மட்டுமே அவரைக் குற்றவியல், உரிமையியல் பொறுப்புகளிலிருந்து விடுவிக்கிறது. அயோவா சட்டம் உரிமையியல் பொறுப்பிலிருந்து மட்டும் விலக்குத் தருகிறது. கண்மூடித்தனமாகவோ வேண்டுமென்றோ செய்தவருக்கு அந்த விலக்கும் கிடையாது, அனுமதி பெற்ற போராட்டத்தில் இருந்தவரைக் காயப்படுத்தியவருக்கும் கிடையாது. ஃபுளோரிடா சட்டம், இழப்பீடு கேட்பவர் கலவரத்தில் பங்கெடுத்தவர் என்று நிறுவப்பட்டால் அதை எதிர்வாதமாக முன்வைக்க மட்டுமே வழி தருகிறது. போராட்டக்காரர்கள் மீது வண்டி ஏற்ற உரிமம் என்று இவற்றுள் எதையும் சொல்ல முடியாது. 2017 ஆகஸ்ட் 12 அன்று வர்ஜீனியாவின் சார்லட்ஸ்வில்லில் எதிர்ப்பாளர்கள் கூட்டத்துக்குள் காரைச் செலுத்தி ஹெதர் ஹேயர் என்ற பெண்ணைக் கொன்றவர், தான் பயந்துபோய் அப்படிச் செய்ததாகவே வாதாடினார். ஜூரிகள் அதை நிராகரித்தார்கள், ஆயுள் சிறையோடு மேலும் 419 ஆண்டுகள் விதிக்கப்பட்டன. ஆனாலும் இத்தகைய சட்டங்களை நான் ஆதரிக்கவில்லை. உண்மையாகவே உயிருக்குப் பயந்தவரைக் காக்கப் பழைய தற்காப்புச் சட்டமே போதுமானதாக இருந்தது. புதிதாகச் சேர்ந்தது, கோபத்தில் ஓட்டுபவர்களுக்கும் தங்கள் பக்கம் சட்டம் இருக்கிறது என்ற தவறான துணிச்சல் மட்டும்தான்.

மறியலில் சிக்கிக்கொண்டால் செய்ய வேண்டியவை இதிலிருந்தே புலப்படும். தூரத்திலேயே நிறுத்திவிட வேண்டும். முன்வண்டியை ஒட்டி நிற்காமல் திரும்பிப் போக இடம் விட்டு நிற்க வேண்டும். கதவுகளைப் பூட்டி, கண்ணாடியை ஏற்றி, 112க்கு அழைத்துப் பேச வேண்டும். அந்த அழைப்பின் பதிவு பின்னால் உங்கள் மனநிலைக்கு மிக வலுவான சாட்சியாகும். நோயாளி இருந்தால் இறங்கிப் போய்ப் போராட்டத்தை நடத்துபவர்களிடம் சொல்லுங்கள். ஆம்புலன்ஸுக்கும் மருத்துவமனைக்குப் போகும் வண்டிக்கும் வழிவிடுவது நம் ஊர் மறியல்களில் பரவலாக உள்ள வழக்கம். தாக்குதல் தொடங்கிவிட்டால், ஆட்கள் இல்லாத திசையில், பெரும்பாலும் பின்னோக்கி, வெளியேற முயலுங்கள்.

கடைசியாக, வண்டியில் உடன் இருப்பவர்களைப் பற்றி. ஓட்டுநர் இருக்கையில் இல்லாததால் தங்களுக்குப் பொறுப்பில்லை என்று முதலாளிகளும் கட்சிப் பிரமுகர்களும் நினைப்பதுண்டு. பின் இருக்கையிலிருந்து ‘நிறுத்தாதே, ஏத்திட்டுப் போ’ என்று சொன்னவர் குற்றத்துக்குத் தூண்டியவர் ஆகிறார். தூண்டப்பட்ட குற்றம் நடக்கும்போது அவரும் அங்கேயே இருந்தால், 54ஆம் பிரிவின்படி அக்குற்றத்தை அவரே செய்ததாகக் கருதப்படுவார். பொது நோக்கம் இருந்தது என்று நிறுவப்பட்டால் 3(5)ஆம் பிரிவு எல்லோரையும் ஒரே தண்டனைக்குள் கொண்டுவந்துவிடும். சம்பளத்துக்கு ஓட்டுபவர் முதலாளி சொன்னதால் செய்தேன் என்று சொன்னாலும் அவருக்கு விடுதலை கிடைக்காது. அந்த வாக்குமூலம் முதலாளியைக் கூண்டுக்குக் கொண்டுவர மட்டுமே உதவும். ஆகவே அப்படி ஓர் உத்தரவு வந்தால், சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிடும் முழு உரிமை ஓட்டுநருக்கு உண்டு. அதற்காக வேலை போனாலும், பத்து ஆண்டு சிறையோடு ஒப்பிட்டால் அது மீளக்கூடிய இழப்புதான்.